மோட்டார் காயில் எரியாமல் காப்பது எப்படி?

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் தவறினால் மணிகள் பதராகிவிடும். பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் பம்ப்செட் மோட்டாரின் காயில் எரிகிறது. மோட்டாரைக் கழற்றி, டவுனுக்கு வண்டியேற்றி, காயில் கட்டி, திரும்ப மாட்டுவதற்குள் பல நாட்கள் ஓடிவிடும். நீர்மூழ்கி மோட்டாராக இருந்தால் குழாயை மேலே தூக்கி இறக்கும் கூலி வேறு. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லை. ஆனால் காயில் கட்டும் செலவு விவசாயியின் கையிலிருந்துதான் போகிறது.

"நேற்று வரை நன்றாக ஓடியது, திடீரென எரிந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். பல மோட்டார்கள் அப்படித் திடீரென எரிவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சூடேறி, காயிலின் மேல் பூச்சு வெந்து உதிர்ந்த பிறகே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டு எரிகின்றன. பூச்சு தாங்கும் அளவுக்கு மேல் 10 டிகிரி சென்டிகிரேடு சூடு கூடினால், அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

சூடு ஏறுவது ஏன்?

மோட்டார் இழுக்கும் ஆம்பியர் இரண்டு மடங்கானால் காயிலின் சூடு நான்கு மடங்காகும். 5 குதிரைத் திறன் மோட்டார் 415 வோல்ட்டில், முழுப் பளுவில் சுமார் 7½ ஆம்பியர் இழுக்கும். இது பத்து சதவீதம் கூடினாலே சூடு 21 சதவீதம் கூடிவிடும்.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டாருக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. இறைக்க வேண்டிய தண்ணீரின் பளு குறையவில்லை. ஆகவே அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. வோல்டேஜ் 350-க்குக் கீழே இறங்கினால் மோட்டாரை ஓட்டாமல் இருப்பதே நலம்.

இதைவிடக் கொடியது, மூன்று பேஸில் ஒன்று போய்விடுவது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. மீதி இரண்டு பேஸிலும் சுமார் 1.7 மடங்கு மின்சாரம் பாயும். அதனால் அந்தக் காயில்களில் சூடு மூன்று மடங்காகும். நின்றிருக்கும் மோட்டாரை இரண்டு பேஸில் போட்டால் அது சுழலாமல் உறுமும். உறுமல் கேட்ட கணமே நிறுத்திவிட வேண்டும். கபாசிட்டர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டும் பழக்கமும் காயிலுக்குக் கேடு. மூன்று காயில்களிலும் மின்சாரம் சமமாகப் பாயாததால் ஒன்று மட்டும் அதிகம் சூடேறும்.

ரிலே எதிரி அல்ல

ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலேதான் மோட்டாரின் காவலாள். ஆம்பியர் அளவு மீறினால் அதிலுள்ள இரட்டை உலோகத் தகடு சூட்டில் வளைந்து மோட்டாரை நிறுத்துகிறது. ஆனால் அடிக்கடி 'டிரிப்' ஆகிறதென்று சிலர் ரிலேயின் அளவைக் கூட்டி வைக்கிறார்கள். வேறு சிலர் பட்டன் எழாதபடி குச்சியைச் செருகி விடுகிறார்கள். இது திருடனைக் கண்டு குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவது போன்றது.

மோட்டாரின் பெயர்த் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியர் அளவுக்கே ரிலேயை வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே காயிலின் இணைப்பில் அமைந்திருந்தால் அந்த அளவில் 58 சதவீதம் வைத்தால் போதும். இதை எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் 'சிங்கிள் பேஸ் பிரிவென்டர்' கருவியையும் மாட்டிக்கொள்வது நல்லது. ஃபியூஸில் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டக் கூடாது.

பளுவும் காற்றும்

கோடையில் ஆழத்திலிருந்து இறைக்க வாங்கிய பம்ப், மழைக்காலத்தில் கிணறு நிறைந்திருக்கும்போது அதிகத் தண்ணீரைத் தள்ளும். அப்போது மோட்டாரின் பளுவும் கூடும். ஆம்பியர் மீட்டர் அளவு மீறிக் காட்டினால், தண்ணீர் வெளியேறும் குழாயின் வால்வைச் சிறிது மூடி அளவுக்குள் கொண்டுவரலாம். கிளாண்டு கயிற்றை அதிகம் இறுக்குவதும், பேரிங் தேய்வதும் பளுவைக் கூட்டும்.

தரைமேல் உள்ள மோட்டாரின் காற்றாடி மூடியில் வைக்கோல், தூசி, எலி வளை ஆகியவை அடைத்துக்கொள்ள விடக்கூடாது. ஓடும் மோட்டாரின் மேல் சாக்கு போர்த்தவும் கூடாது. நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீரே காற்றாடி. அது சேற்றில் புதைந்தாலோ, நீர்மட்டம் இறங்கி வறட்டு ஓட்டம் ஓடினாலோ எரிந்துவிடும். ஆழ்குழாயின் அடியில் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் நிரப்பும் வகையானால், இறக்குமுன் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் நிரப்ப வேண்டும்.

மோட்டாரைக் கையால் தொட்டுச் சூடு பார்ப்பது சரியான சோதனை அல்ல. நல்ல மோட்டாரின் உடலும் கை பொறுக்காத சூட்டில் ஓடக்கூடும். மின் கசிவு இருந்தால் உயிருக்கும் ஆபத்து. ஆம்பியர் மீட்டரே சரியான சாட்சி. வார்னிஷ் கருகும் வாடை வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

டிரிப் ஆனால் என்ன செய்வது?

மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைப்போல் சுமார் ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஆகவே டிரிப் ஆனதும் மீண்டும் மீண்டும் பட்டனை அழுத்தக் கூடாது. முதலில் மூன்று பேஸும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து வோல்டேஜ், அடுத்து கிணற்றில் நீர்மட்டம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மெயினை நிறுத்திய பிறகு, தண்டு கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்றும் பார்க்கலாம். பத்து நிமிடம் ஆறவிட்டு ஒருமுறை போடலாம். மறுபடியும் டிரிப் ஆனால் எலெக்ட்ரீஷியனை அழைப்பதே முறை. அரைநாள் பாய்ச்சல் நின்றாலும் மறுநாள் ஈடுசெய்துகொள்ளலாம். காயில் எரிந்தால் ஒரு போக உழைப்பே பதராகிவிடும்.