அத்தை காப்பாற்றிய கல்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிற சாலையோரம் எங்கள் வீடு. போன வருடம் வீட்டு முன்னால் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விட முடிவு செய்தோம். வாசலோரம் ஒரு பழைய சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல். காக்கை உட்காருவதைத் தவிர அதனால் ஒரு உபயோகமும் இல்லை.

"இது எதுக்கும்மா இடைஞ்சலா? பேத்துடலாமா?" என்றார் கொத்தனார். நானும் தலையாட்டி விட்டேன்.

கம்பை ஊன்றிக்கொண்டு வந்த என் மாமியார் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று விட்டார். "அது கல்லு இல்லடி... உன் மாமனாரோட அக்கா!"

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர், வலி கண்டு மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வயிற்றுப் பிள்ளையோடு இறந்து போனாராம். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே போன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர்கள் சுமையை இறக்கி வைக்கக் கல் நடுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். தோள் உயரத்துக்கு இருப்பதால், இறக்கவும் ஏற்றவும் இன்னொருவர் கை தேவையில்லை.

"மலைக்காரங்க புளி, கடுக்காய், தேன்னு தலைச்சுமையா கொண்டாருவாங்க. இதுல எறக்கி வச்சிட்டு, நம்ம வீட்டுலதான் தண்ணி வாங்கிக் குடிப்பாங்க" என்றார் அத்தை. பஸ்ஸும் வேனும் வந்தபின் தலைச்சுமை போயிற்று. கல் மட்டும் நின்றது.

கல்லூரியில் படிக்கும் என் மகளோ, "சுமைதாங்கின்னா 1962-ல வந்த ஜெமினி கணேசன் படம்னுல்ல நெனச்சேன்!" என்றாள். அவளே இன்னொன்றும் சொன்னாள். ஜப்பானில் அகாசெகவா கென்பேய் என்ற கலைஞர், 1972-ல் டோக்கியோவில் ஒரு படிக்கட்டைப் பார்த்தாராம். ஏறினால் மேலே கதவே இல்லை. ஆனாலும் யாரோ அதன் கைப்பிடியைப் பழுது பார்த்து வைத்திருந்தார்களாம்! உபயோகமற்றுப் போயும் பராமரிக்கப்படும் இப்படிப்பட்ட கட்டட மிச்சங்களுக்கு அவர் 'தாமசன்' என்று பெயரிட்டார். பெரிய சம்பளத்துக்கு வந்தும் பந்தை அடிக்காமல் போன ஓர் அமெரிக்க பேஸ்பால் வீரரின் பெயர் அது.

எங்கள் கல்லையும் ஒருவர் பராமரித்துத்தான் வந்திருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அத்தை அதைக் கழுவி மஞ்சள், குங்குமம் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இறந்தவருக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. கல்லும் போயிருந்தால் அப்படி ஒருத்தி இருந்ததற்கே அடையாளம் இருந்திருக்காது.

கடையை மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டினோம். வாடகை கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை. இன்று பிரசவ வலி என்றால் 108 வண்டி வாசலுக்கு வருகிறது. அந்த வண்டி எங்கள் கல்லைத் தாண்டிப் போகும்போதெல்லாம், 'நல்லபடியாக இறக்கி வைக்கணும் தாயே' என்று மனசு வேண்டிக் கொள்கிறது.

தோழிகளே, உங்கள் வீட்டு வாசலிலும் 'எதற்கும் ஆகாத' கல்லோ திண்ணையோ மாடக்குழியோ இருக்கலாம். இடிப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.