உங்களுக்குத் தெரியுமா? கருவிலேயே முடிந்துவிடும் ஒரு கணக்கு

வத்தல்மலையிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ, மாதம் நிறையுமுன் வலிகண்டு, தருமபுரி அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும் ஒரு கர்ப்பிணிக்கு, 24 முதல் 34 வாரத்துக்குள்ளாயின், சிசுவின் நுரையீரல் விரைந்து முதிரும்பொருட்டு 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டிராய்டு ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போடுவது, மத்திய அரசு 2014-இல் வகுத்த நியதி. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்னும் வைத்தியர் இருவர் 1972-இல் நிலைநாட்டிய இம்முறை எத்தனையோ சிசுக்களுக்குப் பிராணனை அளித்திருக்கிறது.

ஆயினும் சிறுநீரகத்தின் கதை தனி. இரத்தத்தை வடித்தெடுக்கும் நெஃப்ரான்கள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம். அவற்றின் சிருஷ்டி கர்ப்பத்தின் 36-ஆம் வார அளவில் முற்றுப்பெற்றுவிடுவதால், அப்போது குறைந்தது ஆயுள் முழுவதும் குறைந்ததே. தாயின் சொந்த ஸ்டிராய்டைப் பெருமளவு செயலிழக்கச் செய்யும் நஞ்சுக்கொடி, டெக்ஸாமெதசோனை அவ்வாறு தடுப்பதில்லை. ஏறத்தாழ 150 நாள் சினை சுமக்கும் செம்மறிக்கு, நான்காம் வாரத்தில் இரண்டே நாள் அம்மருந்தைச் செலுத்தியபோது, குட்டிகளுக்கு நெஃப்ரான்கள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்து, வளர்ந்தபின் இரத்த அழுத்தமும் உயர்ந்தது.

அந்த இளம்பருவம் வேறு, நம் தாய்மார் ஊசி பெறும் மாதங்கள் வேறு. ஆதலால் அஞ்சி ஊசியை மறுப்பது பெரும் பிழை. அவசியமின்றி மீண்டும் மீண்டும் போடாதிருப்பதும், குறைமாதத்தில் பிறந்த குழந்தை வளர்கையில் அதன் இரத்த அழுத்தத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பதுமே வேண்டுவன.