இலவசத்தின் விலை

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது, ஆங்கிலக் கம்பெனி பீரங்கி கொண்டு அதை எதிர்க்கவில்லை; பிரயாணக் கட்டணத்தைக் குறைத்தே எதிர்த்தது. இன்றைய ஏகபோகத்தின் ஆயுதமும் அதுவே.

திருவாதவூர்ப் பெட்டிக்கடையிலும் இன்று பணம் கைப்பேசி வழியே கைமாறுகிறது. யூபிஐ என்னும் இப்பாதையை வகுத்தது நம் தேசம். ஆயினும் 2024இல் அதன் பரிவர்த்தனைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரண்டே செயலிகளின் வழியே சென்றன. போன்பேயில் பெரும்பங்கு வால்மார்ட்டுக்கு. கூகுள் பே கூகுளுக்கு. இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள். ஒரு செயலிக்கு 30 சதவீதமே உச்சவரம்பு என்று இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2020இல் விதித்தது; அமலாக்கத்தையோ இருமுறை ஒத்திவைத்து, 2026 இறுதிக்குத் தள்ளியது.

கட்டணமில்லை என்று மகிழ்வோர், போட்டியாளர் ஒழிந்தபின் கட்டணம் விதிப்பவர் யாவர் என்று சிந்திப்பாராக. இனியும் ஒத்திவைத்தல் தகாது.