புலி, சிங்கம், மீன்கொத்தி

நாவின் தடம் – 17

திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்குபவர் சுங்க வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய மது இரண்டு லிட்டர். 330 மில்லி பீர் கேனாக எண்ணினால் ஆறு. 20 மில்லி மிச்சம். சிங்கப்பூரிலிருந்து கொத்தமங்கலம் வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஆறும் பெரும்பாலும் டைகராகத்தான் இருக்கும். "என்ன இருந்தாலும் ஃபாரின் ஃபாரின்தான்" என்று கேனைத் திறக்கும் முன்பே ஊரில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இந்த வாரம் அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் விசாரிப்போம்.

செட்டிநாட்டார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஊர்களின் வரிசையைப் பார்த்தால், அவற்றில் பலவற்றில் ஒரு பீர் ஆலை இருந்திருக்கிறது. பர்மாவின் மண்டலேயை வெள்ளையர் பிடித்தது 1885 நவம்பரில். அடுத்த ஆண்டே அங்கே ஆலை. அதைத் தொடங்கியது, கசோலி மலையில் இந்தியாவின் முதல் பீர் ஆலையை நிறுவிய எட்வர்ட் டயரின் நிறுவனம். ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டயர் இவருடைய மகன். இலங்கையில் 1881-இல் நுவரெலியாவில் ஓர் ஆலை. இன்றைய லயன் பீரின் வேர் அது. சிங்கப்பூரில் டைகர் வந்தது 1932-இல். மறு ஆண்டே ஜெர்மானியர்கள் போட்டிக்கு ஆங்கர் பீரை இறக்கினார்கள். உலகப்போர் வந்ததும் ஜெர்மானியர் ஆலையை அரசு பறிமுதல் செய்தது. கடைசியில் அது டைகர்க்காரர்கள் கைக்கே போனது. அப்போது சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில், கிட்டங்கி என்ற தங்கள் தொழிலிடங்களில் நம்மவர்கள் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்துக் கதையும் இளையதல்ல. தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த ஆலைகளைச் சேர்த்து 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார். கிங்ஃபிஷர் அந்த வீட்டுப் பிள்ளை. ஆக, புலி, சிங்கம், மீன்கொத்தி மூன்றும் வெள்ளைக்காரன் காலத்தில் வேர்விட்டவைதான். இதில் எது உள்ளூர், எது வெளியூர்?

இதை நாக்கிடமே கேட்டுவிடலாம் என்று, ஊரில் ஒரு கல்யாணச் சந்தடி ஓய்ந்த மறுநாள் மாலை, பெரியவர்கள் கண்ணில் படாத மேல்மாடியில் நாங்கள் சிலர் உட்கார்ந்தோம். சிங்கப்பூர்த் தம்பி கொண்டுவந்த டைகர், கொழும்பு நண்பரின் லயன் ஸ்டௌட், காரைக்குடியில் வாங்கிய கிங்ஃபிஷர் பிரீமியம், பெங்களூரிலிருந்து ஒருவர் எடுத்துவந்த ஜெர்மன் கோதுமை பீர். நான் இரண்டு நிபந்தனைகள் போட்டேன். எல்லாம் ஒரே குளிரில் இருக்க வேண்டும். எது எது என்று ஊற்றுகிறவருக்கு மட்டுமே தெரிய வேண்டும்.

குளிர் விஷயத்தில்தான் முதல் சண்டை. டாஸ்மாக்கில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "கூலிங் இருக்கா?" என்பது. வெயிலுக்கு அது நியாயம்தான். ஆனால் மூன்று டிகிரியில் நாக்கு மரத்துவிடும்; வாசனையும் மேலே எழாது. அந்தக் குளிரில் எந்த பீரும் ஒன்றுதான். ஏழு டிகிரிக்கு வரட்டும் என்று காக்க வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார்கள்.

டைகரையும் கிங்ஃபிஷரையும் பாதிப்பேர் மாற்றிச் சொன்னார்கள். சிங்கப்பூர்த் தம்பியே கிங்ஃபிஷர் டம்ளரைத் தூக்கி, "அண்ணே, இதான் நம்ம டைகர்" என்றான். ஒன்றில் ஆல்கஹால் 5 சதவீதம், மற்றதில் 4.8. இரண்டும் வெயில் ஊர்களுக்கென்று இலேசாகக் காய்ச்சிய லாகர். வித்தியாசம் மிக மெல்லியது; அதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

அப்படியென்றால் ஃபாரின் சரக்கின் பெருமை எங்கிருந்து வந்தது? பீர் வந்து சேரும் வழியில் இருக்கிறது விடை. வைன் போல வருஷக்கணக்கில் வைத்து அழகு பார்க்கும் பொருளல்ல இது. உள்ளூர்ப் புட்டிகளுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்தான் ஆயுள். சித்திரை வெயிலில் லாரியிலும் குடோனிலும் கிடந்தால் அந்த ஆறும் சுருங்கிவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். வெளிச்சம் இன்னொரு எதிரி. ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்து, கந்தகம் கலந்த ஒரு கெட்ட வாடையை உண்டாக்கும். பழுப்புப் புட்டி இதை ஓரளவு தடுக்கும். பச்சைப் புட்டி தடுக்காது. கேனுக்குள் வெளிச்சமே புகாது. விமானத்தில் வந்த ஒரு மாத வயதுக் கேனையும், வெயில் தின்ற ஐந்து மாதப் புட்டியையும் எதிரெதிரே வைத்து உள்ளூரைத் தோற்கடிப்பது அநியாயம். புட்டியில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

லயன் ஸ்டௌட் வேறு சாதி. 8.8 சதவீதம், கரிய நிறம், கருப்பட்டிக் காப்பி போல ஒரு அடர்த்தி. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பீர் எழுத்தாளர்தான் இதை வெளியுலகுக்குச் சொன்னவர். எங்கள் மாடியில் யாருமே இதை வேறொன்றோடு குழப்பிக்கொள்ளவில்லை.

இத்தனை ஆல்கஹாலையும் வறுத்த மால்ட்டின் கனம் தாங்குகிறது. நம் ஊர் ஸ்ட்ராங் பீரில் நான் வருந்துவது இங்கேதான். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங். கொடுக்கிற காசுக்கு எவ்வளவு ஏறும் என்ற கணக்கு. மால்ட்டைக் கூட்டாமல் சர்க்கரை, அரிசி, மக்காச்சோளம் என்று சேர்த்து ஆல்கஹாலை மட்டும் ஏற்றினால், சுவை மெலிந்து எரிச்சல் மிஞ்சுகிறது. அதோடு மிளகுச் சுக்காவைத் தின்றால் கேட்க வேண்டாம். மிளகும் மிளகாயும் வாயில் எந்த நரம்பைத் தூண்டுகின்றனவோ, அதையே ஆல்கஹாலும் கிளப்பிவிடுகிறது. காரம் அடங்குவதற்குப் பதில் இரட்டிப்பாகும். அதிகக் கசப்புள்ள பீரும் அப்படியே. செட்டிநாட்டுச் சமையலுக்குப் பக்கத்தில் மென்மையான பீர்தான் உட்கார முடியும்.

அன்று இரவு எனக்கு விடை கிடைத்தது கோதுமை பீரில். பவேரியாவின் அந்த ஈஸ்ட், புளிக்கும்போதே கிராம்பு வாசனையையும் வாழைப்பழ வாசனையையும் தானாக உண்டாக்குகிறது. மசாலா எதுவும் சேர்ப்பதில்லை. கிராம்பும் அன்னாசிப்பூவும் கல்பாசியும் மணக்கிற கோழிக்குழம்பில் இடியாப்பத்தைத் தொட்டுத் தின்று, ஒரு வாய் அதைக் குடித்தபோது, இரண்டு கிராம்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. தேன்குழலோடு கிங்ஃபிஷர் பிரமாதம். ஸ்டௌட்டைக் கடைசியில் கந்தரப்பத்தோடு வைத்துக்கொண்டோம். கொழும்பு நண்பருக்கே அது புதிது.

அவருடைய சிங்கம் பிறந்த நுவரெலியாவுக்கு, 1,800 மீட்டருக்கு மேலே, அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)