பட்டத்தின் விலை என்ன?

சென்ற சித்திரையில் ஒரு நாள் மாலை, எங்கள் ஊர்க் குடியானவர் ஒருவர் தம் மகனுடன் என் வீட்டுக்கு வந்தார். பையன் என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்தவன், இப்போது பி.இ. பட்டதாரி. ஒரு தொழிற்சாலையில் மாதம் பதினையாயிரம் ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறான். பெரியவர் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பட்டா!

"இவன் வேலையை விட்டுவிட்டு எம்.இ. படிக்க வேண்டும் என்கிறான். கடன் தீராமற்போனால் இதை விற்றுவிடலாம் அல்லவா, வாத்தியாரையா?" என்று கேட்டார்.

பத்து வருஷங்களுக்கு முன் இப்படி வந்த வேறொரு தகப்பனாரிடம், "படிப்புக்குச் செலவு செய்ய யோசனை எதற்கு?" என்று சொல்லி அனுப்பினேன். நிலம் போயிற்று, பட்டம் வந்தது, சம்பளம் மட்டும் உயரவில்லை. அவர் இன்றும் என்னைக் கண்டால் கும்பிடுகிறார். அந்தக் கும்பிடு என் நெஞ்சை உறுத்துகிறது.

ஆகையால் இம்முறை காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷப் படிப்புக்கு வருஷம் இரண்டு லட்சம் வீதம் நாலு லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்று பாங்கி சொல்லும். ஆனால் வட்டி அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். நூற்றுக்குப் பத்து வீதம் தனிவட்டி என்றாலும் ஒரு லட்சம் ஆகிவிடும். இவை கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவும் ஒன்று உண்டு. இரண்டு வருஷம் வேலையை விட்டால் 3,60,000 ரூபாய் சம்பளம் கைவிட்டுப் போகிறது! ஆக, பட்டத்தின் விலை 8,60,000 ரூபாய். எம்.இ. முடித்தபின் சம்பளம் மாதம் ஐயாயிரம் கூடினால், இந்தத் தொகையை மீட்கப் பதினான்கு வருஷங்களுக்கு மேல் ஆகும். பதினாயிரம் கூடினால் ஏழு வருஷத்துக்குச் சற்று மேல் ஆகும்.

அப்படியானால் மேற்படிப்பே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக விரும்புகிறவனுக்கு அந்தப் பட்டமே வாசற்படி. மேலும், 'கேட்' பரீட்சையில் தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இடம் பெற்றவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித் தொகை உண்டு. இரண்டு வருஷத்தில் அது 2,97,600 ரூபாய் ஆகிறது. பட்டத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதனால் குறைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே போடத் தொடங்குவது நல்லது. அப்போதே பாலிடெக்னிக்கில் சேருகிறவன் மூன்று வருஷத்தில் டிப்ளமா பெறுகிறான், உடனே சம்பாதிக்கலாம். பிறகு விரும்பினால் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். வழி ஒன்றுதான் என்று எண்ணிக் குடும்பங்கள் கடனில் முழுகுவது வீண்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் நம் பெரியோர். கல்வியை ஆற்றில் போடுவதாக யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அளக்கத்தான் வேண்டும்.

பையன் அந்தக் கணக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தகப்பனார் பக்கம் திரும்பி, "ஒரு வருஷம் வேலையில் இருந்துகொண்டே பரீட்சைக்குப் படிக்கிறேன், அப்பா" என்றான்.

பட்டா மறுபடியும் பெரியவர் மடிக்குள் போயிற்று.