தள்ளாட்டம் எல்லாம் குடியல்ல

நடை தள்ளாடினாலும் பேச்சுக் குழறினாலும் குடிதான் என்பது எமது சமூகத்தின் அவசரத் தீர்ப்பு. பெண் தள்ளாடினால் செய்வினை என்பார்கள். பின்தலையிலுள்ள சிறுமூளை பாதிக்கப்பட்டாலும் இவ்வாறு நேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

போருக்கும் இதற்கும் தொடர்புண்டு. முதலாம் உலகப் போரில் பின்தலையில் சூடுபட்ட வீரர்களைப் பரிசோதித்து, கோர்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் வைத்தியர் 1917இல் இந்த அறிகுறிகளை விரிவாக எழுதினார். கை கால்களின் பலம் பெரிதாகக் குறையாது. அசைவின் அளவும் நேரமும்தான் பிசகும். வலப்புறச் சிறுமூளை காயப்பட்டால் வலக் கையும் வலக் காலுமே தடுமாறும்.

கொட்டாஞ்சேனையில் நான் சந்தித்த சகோதரி ஒருவர் 2009இல் வன்னியில் ஷெல் துண்டு பட்டவர். தேநீர்க் கோப்பை வாயருகே வரும்போதுதான் அவருக்குக் கை அதிகம் நடுங்கும். வெள்ளவத்தையில் கிடைத்த தையல் வேலையிலிருந்து, ஊசியில் நூல் கோர்க்க முடியாததால் 'சோம்பேறி' என்று நிறுத்தப்பட்டார். உண்மையைச் சொன்னது கிளினிக்கில் நடந்த எளிய பரிசோதனைதான்.

அதற்கு இயந்திரம் தேவையில்லை. வைத்தியரின் விரலையும் தன் மூக்கையும் மாறிமாறித் தொடவேண்டும். பாதிப்பிருந்தால் விரல் இலக்கைத் தவறும், நெருங்க நெருங்க நடுங்கும். உள்ளங்கையாலும் புறங்கையாலும் மாற்றிமாற்றி விரைவாகத் தட்டும்போது தாளம் குழம்பும். குதிக்காலை மறுகாலின் முழங்காலில் வைத்துக் கீழ்நோக்கி இழுக்கவும், அடிமேல் அடிவைத்து நேர்கோட்டில் நடக்கவும் சொல்வார்கள். கண்ணசைவையும் பேச்சையும் கவனிப்பார்கள்.

காயம் மட்டுமே காரணமல்ல. பாரிசவாதம், நீண்டகால மதுப்பழக்கம், பரம்பரை நோய் என்பனவும் உண்டு. வலிப்புக்கு எடுக்கும் பெனிற்றோயின் மாத்திரை இரத்தத்தில் அதிகமானாலும் தள்ளாட்டம் வரும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். வலிப்பு மீண்டும் வரலாம். வைத்தியரே அளவை மாற்றவேண்டும்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் கிளினிக் உண்டு. அது அரச வைத்தியசாலை, சிகிச்சை இலவசம். பழைய வைத்திய அட்டைகளையும் எடுக்கும் மாத்திரைகளையும் கொண்டுபோங்கள். உடம்பில் உலோகத் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள். அதன் காந்தம் துண்டை அசைக்கலாம். திடீரெனத் தள்ளாட்டமும் வாந்தியும் கடும் தலையிடியும் வந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பழைய காயம் முற்றாக மாறாவிட்டாலும், இயன்மருத்துவப் பயிற்சியால் நடையும் கைவேலையும் தேறலாம். அயலவர் சூட்டும் பெயரை ஏற்குமுன், நோயின் பெயரை வைத்தியரிடம் கேட்டறிவோம்.