ஏறி இறங்கித் திரும்பும் வழி



மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தினால் பெயர்பெற்ற அமிர்தகழியில் வாழ்வோருக்கு மலை ஏறி இறங்கும் பாதை என்பது தூரத்துக் கதையாகவே இருக்கும். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் கைவிரித்தாற்போன்ற சமதரை. மலை காண வேண்டுமாயின் படுவான்கரையைக் கடந்து குடும்பிமலைப் பக்கம் செல்ல வேண்டும். ஆயினும் அதிகாலையில் பாலமீன்மடு வெளிச்சவீட்டுத் திசையில் நடந்து, வாவிக்காற்றை வாங்கிக்கொண்டு, புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வருகிறவர்கள் இங்கும் உண்டு. நீங்களும் அவர்களில் ஒருவராயிருக்கலாம். வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் உடலுக்கு உழைப்புக் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு அறிவுறுத்துகிறது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் மலிந்துவிட்ட இந்நாளில் அது நல்ல புத்திமதியே.

நம் ஆண்டவருக்கும் அவ்வாறு நாள்தோறும் நடந்த ஒரு வழி இருந்தது என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

சிலுவைப்பாடுகளுக்கு முந்திய நாட்களில், அவர் பகற்பொழுதில் தேவாலயத்தில் உபதேசித்து, இராக்காலங்களில் ஒலிவமலையிலே தங்கினார் என்று லூக்கா எழுதுகிறார் (21:37). மாற்கு அதனை இன்னும் விளக்கமாகச் சொல்கிறார். மாலையில் பன்னிருவருடன் பெத்தானியாவுக்குப் போவதும், மறுநாட் காலையில் அங்கிருந்து நகருக்குத் திரும்புவதும் அவர் வழக்கமாயிருந்தது (11:11, 12, 19, 20). பெத்தானியா, ஒலிவமலையின் தென்கிழக்குச் சரிவில் அமைந்த சிற்றூர். எருசலேமிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். இக்காலப் பேச்சில் சொல்வதானால் நகரின் புறத்தே உள்ள குடியிருப்பு.

தூரம் குறைவு, வழியோ இலேசானதன்று. தேவாலயம் நின்ற குன்றிலிருந்து கிழக்கே இறங்கினால் கீதரோன் பள்ளத்தாக்கு. அதைக் கடந்ததும் மலையடிவாரத்தில் கெத்செமனே. அங்கிருந்து கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 800 மீற்றர் உயரமான மலைத்தொடரைத் தாண்டி, மறுபுறச் சரிவில் இறங்க வேண்டும். காலையில் அதே மேடும் பள்ளமும் மறுபடியும். பகல் முழுவதும் நின்று போதித்தும், குற்றம் பிடிக்க வந்தோரின் கேள்விகளுக்கு விடையளித்தும் களைத்த உடலோடு, அந்திவேளையில் அந்த ஏற்றத்தை ஏறினவர் நம் மீட்பர்.

ஏன் அப்படி நடந்தார்? மலைக்கு அப்பால் மார்த்தாளும் மரியாளும் இலாசருவும் வாழ்ந்த வீடு இருந்தது. அங்கே உணவும் உறவும் இருந்தன. இப்பால் இருந்த நகரத்திலோ அவரைக் கொல்ல வகைதேடிக் கொண்டிருந்தார்கள். இளைப்பாறுதலை அவர் வெறுக்கவில்லை. பெத்தானியாவின் திண்ணையை நன்றியோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் பொழுது விடிந்ததும் அதிலேயே தங்கிவிடவில்லை. தமக்குக் கொடுக்கப்பட்ட வேலை மலையின் மறுபக்கத்தில் இருந்தபடியால், மறுபடியும் அங்கே நடந்தார். ஓய்வும் கடமையும் அவருக்கு ஒரே பாதையின் இரு முனைகளாயிருந்தன.

பிரியமானவர்களே, இதே மலைவழியில் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இன்னொருவரும் நடந்தார். மகன் அப்சலோமுக்குத் தப்பியோடிய தாவீது அரசன், கீதரோனைக் கடந்து, தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, அழுதுகொண்டே ஒலிவமலை மேல் ஏறினான் (2 சாமுவேல் 15:23, 30). ஏறும்போது அழுதான் தாவீது. அதே மலையிலிருந்து இறங்கும்போது, நகரத்தைக் கண்டு அழுதார் தாவீதின் குமாரன் (லூக்கா 19:41). ஒருவர் உயிர் காக்க நகரை விட்டு வெளியேறினார். மற்றவர் உயிர் கொடுக்க நகருக்குள் வந்தார். இருவருடைய கண்ணீரையும் அந்தச் சரிவு கண்டது.

தாவீது ஓடியதை வேதம் கோழைத்தனம் என்று கூறவில்லை. நகரம் பட்டயத்துக்கு இரையாகாதபடிக்கே அவன் புறப்பட்டான். போர்க்காலத்தில் உடுத்த உடையோடு ஊரைவிட்டு வெளியேறிய நம் மக்களும், இன்று கொடுமை நிறைந்த வீட்டிலிருந்து பிள்ளைகளோடு தப்பி வரும் தாயும் இதனை அறிந்துகொள்ள வேண்டும். தப்பிச் செல்வது எல்லா வேளையிலும் அவிசுவாசமன்று. அழுதுகொண்டே ஏறுகிறவரோடும் தேவன் நடக்கிறார்.

ஆனால் கடைசி இரவைப் பாருங்கள். பஸ்காப் போசனம் முடிந்தபின் இயேசு வழக்கம்போல் அதே பாதையில் புறப்பட்டார் (லூக்கா 22:39). சீஷரோடு அவர் அடிக்கடி அங்கே கூடுவது யூதாசுக்குத் தெரியும் என்று யோவான் குறிப்பிடுகிறார் (18:2). வேறு வழியாகப் போயிருக்கலாம். அன்றியும், மலையைத் தாண்டிப் பெத்தானியாவையும் கடந்துவிட்டால் யூதேயாவின் வனாந்தரம்; தாவீதுக்கு அடைக்கலம் தந்த அதே நிலம். ஒரு மணிநேர நடையில் அவர் இருளுக்குள் மறைந்திருக்க முடியும். அவரோ மலையடிவாரத்தில் நின்றுவிட்டார். முழங்காற்படியிட்டு ஜெபித்தார். தம்மைத் தேடிவந்த தீப்பந்தங்களின் வெளிச்சத்துக்கு முன்னே தாமாகவே வந்து நின்றார். அவ்விரவு அவர் ஏறாமல் விட்ட அந்த ஏற்றத்தில் அடங்கியிருக்கிறது நம் இரட்சிப்பு.

வாசகர்களே, இந்தச் செய்தி நமக்கு அந்நியமானதன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நாவலடியையும் கல்லடியையும் அண்டிய கரையோரங்களை வாரிக்கொண்டு போனபின், கடற்பக்கம் முகங்கொடுக்கவே இயலாதிருந்தவர்கள் எத்தனை பேர்! 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுபிள்ளைகளும் உயிரிழந்தபின், ஆராதனைக்குப் போகும் வீதியே பாரமாகிப் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம், "துணிந்து நடங்கள்" என்று சொல்லிவிட்டு அப்பாற் போவது எளிது. அது ஆறுதலாகாது. இழந்தவர்களின் நடையை நாம் அளந்து பார்க்கலாகாது. எவரும் ஒரே நாளில் மலையைத் தாண்டுவதில்லை.

எனினும் அந்தப் பாதையின் கதை கெத்செமனேயில் முடியவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் சீஷரைப் பெத்தானியா வரைக்கும் அழைத்துச் சென்று, கைகளை உயர்த்தி ஆசீர்வதித்து, பரத்துக்கு எழுந்தருளினார். பின்னர் அவர்கள் மிகுந்த சந்தோஷத்தோடே எருசலேமுக்குத் திரும்பினார்கள் (லூக்கா 24:50-52). எந்த எருசலேம்? தங்கள் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நகரம். தாங்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நகரம். எந்த வழி? நாற்பது நாட்களுக்குச் சற்று முன்னர் அவரைத் தனியே விட்டு ஓடிப்போன தோட்டத்தை அண்டிய அதே மலைவழி. பாதை மாறவில்லை, நகரமும் மாறவில்லை. நடந்தவர்கள் மாறியிருந்தார்கள்.

இன்றோ அந்தப் பழைய வழியில் எவரும் நினைத்தபடி நடந்துவிட முடியாது. இஸ்ரேல் எழுப்பிய உயர்ந்த மதில், பெத்தானியாவாகிய அல்-எய்சரியாவையும் எருசலேமையும் பிரித்து நிற்கிறது. வலையிறவுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் காத்துநின்று எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே போய்வந்த தலைமுறைக்கு, அந்த வலியை எவரும் விளக்க வேண்டியதில்லை. தடையின்றி நடக்கக் கிடைத்த ஒரு வீதியும் தேவ கிருபையே.

ஆகையால் நாளை காலையில் நீங்கள் நடக்கப் புறப்படும்போது ஒன்றைச் செய்து பாருங்கள். கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, கடந்துபோகும் வீடுகளில் துயரத்தோடிருப்போரை ஒவ்வொருவராக நினைத்து ஜெபியுங்கள். திரும்பி வரும் வழியில் அவற்றுள் ஒரு வாசலில் நின்று, "எப்படி இருக்கிறீங்க?" என்று விசாரியுங்கள். கடற்கரை வீதியில் தனியே நடக்க அஞ்சுகிற ஒருவர் இருந்தால், அவர் விரும்பும் நாளில், அவர் விரும்பும் தூரம் மட்டும், பேசாமல் உடன் நடந்து செல்லுங்கள். அவர் பாதிவழியில் திரும்ப விரும்பினால் நீங்களும் திரும்புங்கள். உங்கள் நடையின் முடிவில் காத்திருப்பது தீராத கடனோ, நோயுற்ற துணையோ, பேசாதிருக்கும் பிள்ளையோ எதுவாயினும், அந்த வாசலுக்குள் நீங்கள் தனியே நுழைவதில்லை. அந்தியில் ஏறி, விடியலில் இறங்கி, தம் பாரமுள்ள நகரத்துக்குத் திரும்பத் திரும்ப நடந்தவர் உங்களோடு படியேறுகிறார்.

அவருடைய சமாதானம் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பதாக. ஆமென்.